சிங்கப்பூர் குரூஸ்: துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு மூன்று நான்கு நாளில் சிங்கப்பூருக்கே திரும்பும் குரூஸ் இப்போது நம் ஊர்க் குடும்பங்களிடம் நன்றாகவே பிரபலம். டிக்கெட் போட்ட கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: “கப்பல் அஞ்சு மணிக்கு. நாங்க எப்போ அங்க இருக்கணும்?”

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சிங்கப்பூருக்கு எப்போது வந்து சேர்வது? துறைமுக வாசலுக்கு எப்போது போவது? நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்கச் சிங்கப்பூருக்குக் கடைசி நிமிடத்தில் வருவார்கள். வந்ததும் கப்பலை விட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தில் காலை ஒன்பது மணிக்கே துறைமுகத்தில் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார்கள். சிங்கப்பூருக்கு முந்தின நாளே வாருங்கள், துறைமுகத்துக்குக் கப்பல் கம்பெனி கொடுத்த நேரத்துக்குப் போங்கள். கீழே இருப்பதெல்லாம் இதன் விவரம்தான்.

டிக்கெட்டில் மாலை 5 மணி என்று போட்டிருக்கிறது. 4 மணிக்குப் போனால் போதாதா?

போதாது. 5 மணி என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். பயணிகளுக்கான கதவு அதற்கு வெகு முன்பே மூடிவிடும். கம்பெனியைப் பொறுத்து 60 முதல் 90 நிமிடத்துக்கு முன் செக்-இன் முடிந்துவிடும். உங்கள் டிக்கெட்டில் இது சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பார்த்து ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். 5 மணிக் கப்பலுக்கு 3.30 என்று போட்டிருந்தால், உங்களைப் பொறுத்தவரை கப்பல் கிளம்பும் நேரம் 3.30தான்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியலை முடித்து அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். ஏணிப்பாலத்தை எடுக்க வேண்டும். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே வழிநடத்தும் பைலட் ஏறியிருப்பார், இழுவைப் படகுகளுக்கும் நேரம் சொல்லியிருக்கும். மறுநாள் காலை அடுத்த ஊரில் எந்த மணிக்கு எந்த இடத்தில் கட்டுவது என்பதுவரை முடிவாகியிருக்கும். கை காட்டினால் ஓரமாக நிறுத்தி ஏற்றிக்கொள்ள இது டவுன் பஸ் இல்லை.

இரவு சென்னையில் விமானம் ஏறினால் காலையில் சிங்கப்பூர். மாலையில்தானே கப்பல்? அதே நாளில் வந்தால் என்ன?

கணக்கு போட்டால் சரியாகத்தான் வரும். நள்ளிரவு 1 மணிக்குக் கிளம்பும் விமானம் நாலேகால் மணி நேரம் பறக்கிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இறங்கும்போது அங்கே 7.45. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து 9 மணி. சாங்கி விமான நிலையத்திலிருந்து கப்பல் துறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், டாக்சியில் அரை மணி நேரம். செக்-இன் மூட இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் பலர் துணிகிறார்கள்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் இந்தக் கணக்கு தாங்கும். ரத்தானால் தாங்காது. அதனால் டிக்கெட் போடும்போதே உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த விமானம் போகவில்லை என்றால், அடுத்து இருக்கும் விமானத்தில் ஏறியும் கப்பலைப் பிடிக்க முடியுமா? முடியும் என்றால் அதே நாளில் வரலாம். இல்லை என்றால் முந்தின நாள் வருவதைத் தவிர வேறு வழி இல்லை. சென்னையிலிருந்து நேரடி விமானங்கள் பல இருப்பதால் ஓரளவு தப்பிக்கலாம். திருச்சி, கோவையிலிருந்து வருபவர்களுக்கு அந்த வசதி குறைவு.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலுக்கும் மூடினார்கள். ஜனவரியில் போகி அன்று விடிகாலைப் புகைமூட்டத்தில் விமானங்கள் தடுமாறுவதும் நமக்குப் புதிதில்லை. பள்ளி விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் இதே மாதங்களில் வருவதால் குரூஸ் டிக்கெட்டும் அப்போதுதான் அதிகம் போகிறது.

இன்னொன்று, இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவெல்லாம் தூங்காத இரண்டு குழந்தைகள், கால் வீங்கிய அம்மா, குளிக்காத நீங்கள். மதியம் வரை அறை கிடையாது. காசு கொடுத்து வாங்கிய விடுமுறையின் முதல் நாள் அப்படித்தான் போகும்.

கோலாலம்பூரிலோ ஜோகூரிலோ இருப்பவர்களுக்கும், இரவு எட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பும் கப்பலில் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன கண்டிப்பு வேண்டாம். அன்று காலையே வரலாம்.

முந்தின நாள் எங்கே தங்கினால் வசதி?

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கிளம்பும் மரீனா பே குரூஸ் சென்டருக்குப் பக்கத்தில் ஓட்டல் தேட வேண்டாம். அங்கே இருப்பவை மரீனா பே பக்கத்து விலை உயர்ந்த ஓட்டல்கள்தான். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கினால் இட்லி தோசைக்குக் கவலை இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து எம்ஆர்டி நகர ரயிலின் ஊதா நிறத் தடத்தில் ஒரு நிலையம் போய் டோபி காட்டில் இறங்குங்கள். அங்கே சிவப்புத் தடத்துக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் மரீனா சவுத் பியர், கப்பல் துறைக்கான நிலையம் அதுதான், அதோடு தடமே முடிந்துவிடும். டாக்சியில் கால் மணி நேரச் சொச்சம்.

ஓட்டலில் அறையைக் காலி செய்யச் சொல்வது பெரும்பாலும் 11 அல்லது 12 மணி. கப்பலுக்கு உங்கள் நேரம் 2 மணி என்றால் பெட்டிகளை ஓட்டல் வரவேற்பிலேயே வைத்துவிட்டு, அங்கேயே தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு, பிறகு எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பெரும்பாலான ஓட்டல்களில் இதற்குச் சம்மதிப்பார்கள்.

செக்-இன் நேரத்தை நாமே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எந்த நேரம் எடுப்பது?

ராயல் கரீபியனில் பயணத்துக்கு 45 நாள் முன் ஆன்லைன் செக்-இன் திறக்கும். படம் ஏற்றி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, துறைமுகத்துக்கு வரும் நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற கம்பெனிகளிலும் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு நேரம் கிடைக்கும். முதல் நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

அதற்காக முதல் நேரத்துக்கு அடித்துப் பிடிக்க வேண்டியதில்லை. கப்பல் ஏறும் நாள் என்பது கப்பலுக்கு இரட்டை வேலை நாள். அன்று காலைதான் பழைய பயணிகள் இறங்குகிறார்கள். கெண்டிங் ட்ரீம் கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே 3,352 பேர். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் அது 4,000க்கும் மேல். அத்தனை பேரும் இறங்கி, அத்தனை அறைகளும் சுத்தமாகி, அத்தனை பேர் மறுபடி ஏறுவதெல்லாம் ஒரே பகலில் நடக்கிறது. இறங்குவதில் சுணக்கம் வந்தால், அன்றைக்கு முதலில் வந்து நிற்பவர்கள்தான் காத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், 5 மணிக் கப்பலுக்கு 12.30 முதல் 2 மணிக்குள் ஒரு நேரம் எடுங்கள். காலை நெரிசல் கரைந்திருக்கும், கடைசி நேரக் கூட்டம் தொடங்கியிருக்காது. கப்பலில் மதிய பஃபேயும் கிடைத்துவிடும். கடைசி நேரத்தை மட்டும் வேண்டுமென்றே எடுக்காதீர்கள். டாக்சி கிடைக்காமல் இருபது நிமிடம் போனாலும் அதில் சிக்கல்தான்.

கொடுத்த நேரத்துக்கு முன்பே போனால் உள்ளே விடமாட்டார்களா?

கூட்டம் இல்லாத நாளில் விட்டுவிடலாம். அதை நம்பிப் போகக் கூடாது. சீக்கிரம் வந்தவர்களை ஓரமாக உட்காரச் சொல்வார்கள், உட்கார எல்லோருக்கும் இடம் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். சுற்றிப் பார்க்கவோ சாப்பிடவோ மரீனா பே குரூஸ் சென்டர் பக்கம் பெரிதாக எதுவும் கிடையாது. அந்த நேரத்தை ஊருக்குள்ளேயே செலவழிப்பது மேல்.

சீக்கிரம் ஏறுவதில் லாபமே இல்லையா?

இருக்கிறது. நீச்சல் குளம் காலியாக இருக்கும், இரவு நிகழ்ச்சிகளுக்கு இடம் பதிவு செய்யலாம், சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் இருந்தால் கூட்டம் வருவதற்குள் ஒரு சுற்று சறுக்கி விளையாடலாம். அறை மட்டும் மதியத்துக்கு மேல்தான் தயாராகும். வாசலில் கொடுத்த பெட்டி சாயங்காலம், சில சமயம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அறை வாசலுக்கு வரும்.

ஏறியதும் முடிக்க வேண்டியது பாதுகாப்புப் பயிற்சி. பல கப்பல்களில் இப்போது ஆப்பில் வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்த இடத்துக்குப் போய்க் கார்டைக் காட்டினால் முடிந்தது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. முன்பெல்லாம் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. தாமதமாக ஏறுபவர்கள் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு இதற்குத்தான் முதலில் ஓட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரில் கப்பல் துறை ஒன்றுதானா?

இரண்டு. பெயர்களும் குழப்பும். மரீனா பே குரூஸ் சென்டர் ஒன்று. ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி மாலை ஒட்டி இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இன்னொன்று. ஹார்பர்ஃபிரண்டுக்கு வரும் வழியில் செந்தோசா கேபிள் கார் கம்பிகள் குறுக்கே போவதால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. பெரிய கப்பல்களுக்காக 2012இல் திறந்ததுதான் மரீனா பே. ஆகவே மிகப் பெரிய கப்பல் என்றால் பெரும்பாலும் மரீனா பே, சிறியது என்றால் எதுவாகவும் இருக்கலாம். டிக்கெட்டில் உள்ள பெயரை டாக்சி ஓட்டுநரிடம் அப்படியே காட்டுங்கள். ‘குரூஸ் சென்டர்’ என்று மட்டும் சொன்னால் அவர் எதை நினைப்பார் என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு கிளைக்குழப்பமும் உண்டு. மரீனா சவுத் பியர் நிலையத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு படகுத்துறை இருக்கிறது. கூசு, செயின்ட் ஜான்ஸ் தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கானது அது. பெட்டியோடு அங்கே போய் நிற்காமல், குரூஸ் சென்டர் என்ற பலகையைப் பின்பற்றிச் சுமார் பத்து நிமிடம் நடங்கள்.

டாக்சியா, எம்ஆர்டியா?

இரண்டு பேர், ஆளுக்கொரு பெட்டி என்றால் எம்ஆர்டி தாராளம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. குடும்பம், நாலு பெரிய பெட்டி என்றால் சாதாரண டாக்சியில் அடங்காது, ஆறு பேர் ஏறும் பெரிய வண்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு, ஆப்பில் கூப்பிடும் கிராப் போன்ற தனியார் வாடகைக் கார்களுக்குக் கிடையாது. கிராப் ஓட்டுநர் குழந்தையைப் பார்த்ததும் ஏற்ற மறுத்தால் கோபப்படாதீர்கள், அபராதம் அவருக்குத்தான் விழும்.

ஆகஸ்ட் 9 தேசிய தினம், செப்டம்பர்–அக்டோபர் வாக்கில் வரும் ஃபார்முலா ஒன் பந்தயம், புத்தாண்டுக்கு முந்தின இரவு ஆகிய நாட்களில் மரீனா பே சுற்றுவட்டாரத்தில் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அப்போது எம்ஆர்டியே நல்லது, அல்லது ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

துறைமுகத்துக்குள் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நல்ல நாளில் அரை மணி நேரம். கூட்டமான நாளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட.

முதலில் பெட்டி. கைப்பிடியில் அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். இங்கேதான் நம் குடும்பங்களில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். பெட்டி பட்டையில் ஏறித் திரைக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு வரிசை தாண்டியதும் பாட்டி கேட்பார், “என் மாத்திரை டப்பா எங்கப்பா?” அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா அந்தத் திரையைப் பார்ப்பார். பெட்டி இனி சாயங்காலம்தான் வரும். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. அவர்களால் வரிசை முழுவதும் நின்றுபோகும்.

அப்புறம் செக்-இன் கவுன்ட்டர், படம், கப்பல் கார்டு, பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவு, ஏணிப்பாலம். வீட்டில் செய்த புளியோதரையும் தயிர்சாதமும் கப்பலுக்குள் போகாது. பிரிக்காத பிஸ்கட், முறுக்கு பாக்கெட் பெரும்பாலும் போகும். இஸ்திரிப்பெட்டி, எக்ஸ்டென்ஷன் வயர் வைத்திருந்தால் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். நீங்கள் போய்த் திறந்து காட்டும்வரை அது அறைக்கு வராது.

வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால்?

சக்கர நாற்காலி வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். வாசலில் வந்து கேட்டாலும் கிடைக்கலாம், காத்திருக்க வேண்டும். பகல் 1 மணிக்கு மேல் ஒரு நேரம் எடுத்தால் வரிசை குறைவு. கைக்குழந்தைக்குக் குறைந்தபட்ச வயது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல கப்பல்களில் ஆறு மாதம். கர்ப்பமாக இருந்தால் 24ஆவது வாரம் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். பயணம் முடியும் நாளில் எத்தனையாவது வாரம் என்று பாருங்கள்.

நேரத்துக்குப் போயும் ஏற விடாமல் போகுமா?

போகும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதம் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று விசா. இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். ஏனென்றால் கப்பலில் மலேசியா போய்த் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. விசா கையில் வந்ததுமே அந்த வரியைப் படித்துவிடுங்கள், துறைமுகத்தில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். கப்பலில் திரும்பி வரும்போது மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

விமானம் தாமதமாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கப்பல் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். பதிவு எண், எத்தனை பேர், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், இவ்வளவு சொன்னால் போதும். ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால் அவரையும் எழுப்புங்கள், நள்ளிரவானாலும் பரவாயில்லை. கப்பல் உங்களுக்காக நிற்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள்.

கப்பல் போய்விட்டால் அடுத்த ஊரில் ஏறலாமா என்று கேட்பார்கள். சில நேரம் முடியும். கம்பெனியும் சம்மதிக்க வேண்டும், அந்த நாட்டுக் குடிநுழைவும் சம்மதிக்க வேண்டும், பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ போகும் செலவு உங்களுடையது. மூன்று இரவுப் பயணத்தில் ஒரு நாள் போனபின் அந்தச் செலவு தேறுமா என்று நிதானமாகப் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, விமானத் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பணம் உண்டா என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமானத் தாமதத்துக்குத் தரும் சில ஆயிரம் ரூபாயும் கப்பல் டிக்கெட்டுக்கான இழப்பீடும் வேறு வேறு.

நடுவில் இறங்கும் ஊர்களில் எப்போது திரும்ப வேண்டும்?

இறங்கும்போது வாசலில், திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரத்தை எழுதி வைத்திருப்பார்கள். அதை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருக்கும்போது உங்கள் ஃபோன் தாய்லாந்து நேரத்துக்குத் தானாக மாறிவிட்டால், உங்களுக்கு 3 மணி, கப்பலில் 4 மணி. எந்த நேரப்படி என்று இறங்கும் முன் கேட்டுவிடுங்கள். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோவது வழக்கம். கடைசிப் படகுக்குத்தான் பெரிய வரிசை நிற்கும், ஒன்றிரண்டு படகு முன்னாலேயே திரும்பிவிடுங்கள்.

சென்னையிலிருந்தே ஏறுபவர்களுக்கும் இதே கணக்கா?

2022 ஜூனில் கார்டிலியா கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. சென்னைவாசிக்கு விமானக் கவலை இல்லை. மதுரை, நெல்லையிலிருந்து வருபவர்கள் அன்று காலை வந்து சேரும் ரயிலை மட்டும் நம்பாமல் முந்தின நாள் கிளம்புவது நல்லது. சென்னைத் துறைமுகத்துக்குள் மத்தியப் பாதுகாப்புப் படையின் சோதனை உண்டு. எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொண்டு, ராஜாஜி சாலை நெரிசலுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

திரும்பி வரும் நாளில் ஊருக்கு விமானம் எத்தனை மணிக்குப் போடலாம்?

கப்பல் காலை ஆறு ஏழு மணிக்குக் கட்டினாலும் உடனே இறங்க முடியாது. பெட்டி அட்டையின் நிறப்படி குழு குழுவாகத்தான் கூப்பிடுவார்கள். இறங்கி, குடிநுழைவு தாண்டி, டாக்சி வரிசையில் நின்று சாங்கி போய்ச் சேரப் பத்து பத்தரை ஆகிவிடும். பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை முதலில் விடுவார்கள், அவசரக்காரர்களுக்கு அது உதவும். பகல் 1 மணிக்கு முன் விமானம் போடாதீர்கள். மாலை விமானம் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டியை சாங்கியின் பெட்டிக் காப்பகத்தில் காசு கட்டிப் போட்டுவிட்டு ஜுவல் அருவியைப் பார்க்கலாம், இல்லையென்றால் லிட்டில் இந்தியாவின் முஸ்தபா கடையில் விட்டுப்போனதை வாங்கிக்கொண்டு வரலாம்.